சூதும் சட்டமும் பங்கு முதலும்

சூதாடுவோனைப் பற்றி நம் முன்னோர் மிகுதியாகப் பேசியுள்ளனர். தருமனும் நளனும் நாடிழந்த வரலாறுகளை அறியாத தமிழ் மாணவர் இலர். வள்ளுவனார் பொருட்பாலிலே சூதுக்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்தார். ஆயின், ஆடுவோனை விடுத்து ஆட்டுவிப்போனை நோக்கினால், அவனைப் பற்றிய பேச்சு அரிதாகவே காணப்படுகின்றது. அவனை விரிவாக நோக்கியவர் கௌடலியர். அவர்தம் அர்த்தசாத்திரத்திலே சூதுக்கென ஓர் அத்தியட்சன் நியமிக்கப்படுகின்றான். ஆட்டம் குறித்த ஓரிடத்திலேயே நடைபெறல் வேண்டும். வென்றவன் பெற்றதில் நூற்றுக்கு ஐந்து அரசனைச் சேரும். கவறுக்கு வாடகையும், நீருக்கும் இடத்துக்கும் கட்டணமும், அனுமதிக்கு வேறொரு கட்டணமும் உண்டு. சூது தீது என்பதை அவர் அறியாதவரல்லர்; மாந்தரைக் கெடுக்கும் வியசனங்களுள் அதனையும் ஒன்றாக வைத்து எண்ணியவர் அவரே. தீதென அறிந்ததனை முற்றாக ஒழியாது, ஓரிடத்தில் அடைத்து, அதனிடமிருந்து இறையும் பெறுதல் என்னும் இவ்விரட்டை நிலையே இன்றளவும் பல அரசாங்கங்களின் நிலையாக உள்ளது.

இக்கட்டுரை கூற வந்தது மூன்றாமவன் ஒருவனைப் பற்றியது. அவன் ஆடுவோனும் அல்லன், ஆட்டுவிப்போனும் அல்லன். இணையவழிச் சூதாட்டம் நடத்தும் கம்பனியின் பங்கினைச் சந்தையில் வாங்கி வைத்திருப்பவன். கம்பனி எந்நாட்டிற் பதிவு பெற்றது, ஆடுவோர் எந்நாட்டினர் என்பவற்றை அவன் பெரும்பாலும் எண்ணுவதில்லை. அவனுடைய பணத்தின் விதியோ அவ்விரண்டிலுமே தங்கியுள்ளது.

முதற்கண் இக்கம்பனிகளின் வருவாய் இயல்பை அறிதல் வேண்டும். ஐரோப்பிய முறைச் சுழல்வட்டிலே 37 குழிகள் உள்ளன. ஓர் எண்மீது பணம் வைத்து வென்றவனுக்கு வைத்ததுபோல் 35 மடங்கு கொடுப்பர்; கணக்கின்படி 36 மடங்கு கொடுத்தாலன்றி இருதரப்பும் சமமாகா. ஆகவே நீண்டகால அளவில், வைக்கப்பட்ட பணத்தில் முப்பத்தேழில் ஒரு பங்கு, அஃதாவது நூற்றுக்கு 2.7 அளவு, ஆட்டுவிப்போனிடமே தங்கிவிடும். போக்கர் என்னும் சீட்டாட்டத்திலோ கம்பனி ஆடுவதே இல்லை. ஆடுவோர் தமக்குள் ஆட, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு கழிவை அது எடுத்துக்கொள்கின்றது. எவர் வென்றாலும் எவர் தோற்றாலும் கழிவு வரும். எனவே, சூதாட்டக் கம்பனியை நடத்துவது சூதாட்டமன்று. அதன் வருவாய் பேரெண்களின் விதியால் உறுதி பெற்றது. அதற்குரிய ஐயப்பாடு கவற்றிலிருந்து வருவதில்லை. சட்டசபைகளிலிருந்தும் நீதிமன்றங்களிலிருந்தும் திறைசேரிகளிலிருந்தும் வருவது.

இதனைத் தெளிவுபடுத்தற்குப் பார்ட்டிகேமிங் என்னும் கம்பனியின் வரலாற்றினும் சிறந்த சான்று பிறிதில்லை. ஜிப்ரால்ற்றரைத் தலைமையிடமாகக் கொண்டு இணையவழிப் போக்கர் ஆட்டத்தை நடத்திய அக்கம்பனி 2005 ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில் இலண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. பங்கொன்றின் விலை 116 பென்சு. அவ்விலைப்படி கம்பனியின் மொத்தப் பெறுமதி 460 கோடிப் பவுணுக்கு மேற்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலே பிரித்தானியாவின் முதல் நூறு கம்பனிகளைக் கொண்ட சுட்டெண்ணிலும் அஃது இடம்பெற்றது. அதற்கு வேண்டிய கணினி நிரலை எழுதுவித்தவர் டில்லி இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் கற்ற அனுராக் தீட்சித் என்னும் இளைஞர்.

அக்கம்பனியின் வருவாயிற் பத்தில் எட்டுக்கு மேற்பட்ட பங்கு ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த ஆட்டக்காரரிடமிருந்து வந்தது. அமெரிக்க நீதித் திணைக்களமோ இணையவழிச் சூதாட்டம் 1961 ஆம் ஆண்டின் கம்பிவழிச் சட்டத்துக்கு முரணானது என்ற கொள்கையுடையதாய் இருந்தது. இச்செய்தி மறைக்கப்படவில்லை. பங்கு வாங்குவோருக்கென வெளியிடப்பட்ட விளக்க அறிக்கையிலேயே அது தெளிவாக எழுதப்பட்டிருந்தது. தம் தொழிலைச் சட்டவிரோதமானதென அமெரிக்கா உள்ளிட்ட பல நாட்டு அதிகாரிகள் கருதுகின்றனர் என்றும், அந்நாடுகளில் தமக்கு அலுவலகமோ சொத்தோ இன்மையால் அவ்வதிகாரிகள் நடவடிக்கை எடுக்க இயலாதவராகவோ மனமற்றவராகவோ இருப்பர் என்பதையே தாம் நம்பியிருப்பதாகவும் இயக்குநர் கூறியிருந்தனர். வாங்கினோர் அறியாது வாங்கினர் எனல் பொருந்தாது. அபாயத்தை எழுதி வைத்தலும் அபாயத்துக்கு விலை குறித்தலும் வெவ்வேறு செயல்கள். அறிக்கையின் அப்பக்கத்தைப் படித்தோர் பலராயிருக்கலாம். அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேட்டோர் மிகச் சிலரே.

2006 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் முதல் எச்சரிக்கை தோன்றியது. பெட்டொன்ஸ்போர்ட்ஸ் என்னும் மற்றோர் இலண்டன் கம்பனியின் தலைமை நிருவாகி, அமெரிக்காவின் டலஸ் நகரில் விமானம் மாறும் வேளையிலே கைது செய்யப்பட்டார். செப்டெம்பரில் ஸ்போர்ட்டிங்பெட் கம்பனியின் தலைவர் நியூ யோர்க்கில் தடுத்து வைக்கப்பட்டார். அந்நாட்டில் அலுவலகம் இல்லை என்பது அரணாகும் எனக் கருதியோர், இயக்குநருக்கு உடல் ஒன்று உண்டு என்பதையும் அவ்வுடல் விமானத்திற் செல்லும் என்பதையும் மறந்தனர் போலும்.

அம்மாத இறுதியில், தேர்தலை எதிர்நோக்கிக் காங்கிரசு கலைவதற்கு முந்திய இரவிலே, துறைமுகப் பாதுகாப்புப் பற்றிய மசோதா ஒன்றினோடு இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிரான பகுதியொன்று சேர்க்கப்பட்டு நிறைவேறியது. துறைமுகப் பாதுகாப்பை எதிர்த்து வாக்களித்தல் எவ்வுறுப்பினருக்கும் இயலாததொன்று. சனாதிபதி புஷ் ஒக்டோபர் 13 ஆம் நாள் கையொப்பமிட்டார். அச்சட்டத்தின் நுட்பம் யாதெனின், அது தன் வீட்டிலிருந்து ஆடுவோனைக் குற்றவாளியாக்கவில்லை. சட்டவிரோதச் சூதாட்டத்தின் பொருட்டுப் பணம் பெறுதலையே குற்றமாக்கி, அத்தகைய கொடுப்பனவுகளைத் தடுக்கும் கடமையை வங்கிகளின்மீதும் கடனட்டை நிறுவனங்களின்மீதும் சுமத்தியது. கடல்கடந்த கம்பனியை எட்ட இயலாத சட்டத்தின் கை, உள்ளூர் வங்கியை எளிதில் எட்டியது. வாய்க்காலை மறித்தால் வயல் காயும் என்பது உழவர் அறிந்த உண்மை.

ஒக்டோபர் 2 ஆம் நாள், திங்கட்கிழமை, இலண்டன் சந்தை திறந்தபோது பார்ட்டிகேமிங் பங்கின் விலை ஒரே நாளில் ஏறத்தாழ நூற்றுக்கு 58 வீழ்ந்தது. ஸ்போர்ட்டிங்பெட் பங்கு அதனினும் மிகுதியாக வீழ்ந்தது. அக்கம்பனி தன் அமெரிக்கத் தொழில் முழுவதையும் ஒரேயொரு டொலருக்கு விற்று வெளியேறியது. பார்ட்டிகேமிங்கும் அமெரிக்க ஆட்டக்காரருக்குத் தன் கதவை அடைத்தது.

இழப்பு எவரைச் சார்ந்தது என்பதனை ஈண்டு ஆராய்தல் வேண்டும். 2005 இல் விற்கப்பட்டவை கம்பனிக்குப் புதுமுதல் திரட்டும் பங்குகள் அல்ல. தாபகர்கள் தம் கையிலிருந்த பங்குகளுள் ஒரு பகுதியையே விற்றனர். விற்ற பணம் அவர்களிடமே சென்றது. வாங்கினோருள் ஒரு சாரார் சுட்டெண்ணைப் பின்பற்றும் நிதிகள். கம்பனியொன்று சுட்டெண்ணில் இடம்பெற்றால் அதன் பங்கினை வாங்குதல் அவற்றின் விதி; நன்றெனவோ தீதெனவோ அவை தேர்வதில்லை. ஆகவே ஓய்வூதியத்துக்கெனச் சிறுகச் சிறுகச் சேமித்தவன், தன் வாழ்நாளிற் சீட்டொன்றைத் தொடாதவனாயினும், அமெரிக்கக் காங்கிரசின் ஓரிரவுத் தீர்மானத்தின்மீது பந்தயம் கட்டியவனானான். தருமன் தன் தம்பியரைப் பணயம் வைத்தபோது அவர்கள் அவையிலாவது இருந்தனர்.

இழப்பு ஒருநாளோடு முடிந்ததுமன்று. 2008 இல் தீட்சித் நியூ யோர்க் நீதிமன்றத்திற் குற்றத்தை ஏற்று 30 கோடி டொலர் செலுத்த இசைந்தார். 2009 இல் கம்பனி, வழக்குத் தொடராமைக்கு ஈடாக 10 கோடியே 50 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. அத்தொகையைச் சுமந்தவர்கள் 2009 இல் பங்கு வைத்திருந்தோர். அதற்குக் காரணமான இலாபத்தை நுகர்ந்தவர்கள் பெரும்பாலும் வேறொருவர். இதனைப் போன்றதொன்று பின்னரும் நிகழ்ந்தது. பார்ட்டிகேமிங் 2011 இல் பிவின் கம்பனியோடு இணைந்து, 2016 இல் ஜீவிசி என்னுங் கம்பனியால் வாங்கப்பட்டது. ஜீவிசி 2020 இல் என்டெய்ன் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அக்கம்பனி துருக்கியில் நடத்தி 2017 இல் விற்றுவிட்ட தொழில் பற்றிய பிரித்தானிய விசாரணையின் முடிவில், 2023 இல் 58 கோடியே 50 இலட்சம் பவுண் தண்டமாகவும் இலாபப் பறிமுதலாகவும் செலுத்த அது உடன்பட நேர்ந்தது. கணக்கேட்டிலே இலாபம் எனக் கண்டது ஆறாண்டின் பின் கடனாக மாறுமாயின், அவ்வேட்டின்படி விலை குறித்தல் எவ்வாறு பொருந்தும்? அனுமதியற்ற நாடுகளிலிருந்து வரும் வருவாயைச் சாம்பல் வருவாய் என இத்துறையினர் கூறுவர். கரியுமன்றி வெண்மையுமன்றி நிற்பதாம். அதற்கு உரிய பெயர் தவணைக் கடன் என்பதே என் கருத்து.

அமெரிக்கத் தடையை எதிர்த்து வேறொரு வாயிலால் முயன்றது அன்ரிகுவா பாபுடா என்னும் சிறு தீவு நாடு. இலட்சம் பேரளவே வாழும் அந்நாடு இணையவழிச் சூதாட்டத்தைத் தன் தொழிலாக வளர்த்திருந்தது. 2003 இல் அஃது உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்கிட்டு, முக்கிய பகுதியில் வெற்றியும் பெற்றது. ஆண்டுக்கு 340 கோடி டொலருக்கு மேல் இழப்பீடாகக் கேட்ட அந்நாட்டுக்கு, 2007 இல் ஆண்டுக்கு 2 கோடியே 10 இலட்சம் டொலர் அளவிலான பதில் நடவடிக்கைக்கே அனுமதி கிடைத்தது. தீர்ப்பு ஒன்று, அதனை நிறைவேற்றும் வலிமை பிறிதொன்று. சர்வதேசச் சட்டத்தை நம்பி இத்துறையில் முதலிடுவோர் இவ்வழக்கை ஒருமுறை படித்தல் நலம்.

இனி, 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மறுபக்கத்தைக் காண்போம். அச்சட்டம் சிலவற்றுக்கு விலக்களித்திருந்தது. அவற்றுள் ஒன்று, விளையாட்டு வீரர்களைக் கற்பனையாகத் தெரிந்து அணி அமைக்கும் போட்டி. அன்று அது நண்பர்கள் ஆண்டுதோறும் பொழுதுபோக்காக ஆடியது. அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. அவ்விலக்கைப் பற்றிக்கொண்டு 2009 இல் எடின்பரோவில் பான்டுவெல் என்பதும், 2012 இல் பொஸ்டனில் டிராப்ட்கிங்ஸ் என்பதும் தோன்றின. ஆண்டுக்கொரு முறை நடந்த போட்டியை நாடோறும் நடத்தி, அவை இலட்சக்கணக்கான அமெரிக்கரின் பெயரையும் பழக்கத்தையும் தம் ஏட்டில் பதிந்துகொண்டன. இவ்வேளையில், 2006 இன் பின்னும் அமெரிக்காவை விடாது பற்றிநின்ற போக்கர் ஸ்டார்ஸ் முதலிய தனியார் கம்பனிகள், கறுப்பு வெள்ளி எனப்படும் 2011 ஏப்பிரல் 15 ஆம் நாள் குற்றப்பத்திரிகைக்கு உள்ளாயின.

பின்னர் 2018 மே 14 ஆம் நாள், விளையாட்டுப் பந்தயத்தைப் பெரும்பாலான மாநிலங்கள் அனுமதிக்கலாகாது எனக் கட்டுப்படுத்திய 1992 ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தை, நியூ ஜேர்சி மாநிலத்தின் மேன்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சூது நன்றென்று நீதிமன்றம் கூறவில்லை. ஒரு செயலை அனுமதிக்காதே என மாநிலச் சட்டசபைக்குக் கட்டளையிடும் அதிகாரம் காங்கிரசுக்கு இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். அரசியலமைப்பு நுட்பம் ஒன்றினால் ஒரு தொழில் பிறந்தது. சில ஆண்டுகளுள் 30 இற்கு மேற்பட்ட மாநிலங்கள் பந்தயத்தை அனுமதித்தன. வாடிக்கையாளர் ஏட்டை முன்னரே கையில் வைத்திருந்த மேற்சொன்ன இரு கம்பனிகளே முன்னணி பெற்றன. அயர்லாந்தில் தோன்றிய பிளட்டர் கம்பனி 2018 இல் பான்டுவெலைத் தன்வயப்படுத்தியது. ஒரு சாராரை அழித்த சட்டத்தின் விலக்குப் பிரிவொன்றே மற்றொரு சாராருக்கு வித்தாயிற்று.

அனுமதி கிடைத்தபின் பங்குதாரருக்கு நற்காலமே எனக் கருதுவது பேதைமை. 2020 இற் சந்தைக்கு வந்த டிராப்ட்கிங்ஸ் பங்கு 2021 மார்ச் மாதம் 70 டொலரைக் கடந்து, 2022 இல் 12 டொலருக்குக் கீழ் இறங்கியது. அவ்விடையில் எச்சட்டமும் அத்தொழிலைத் தடை செய்யவில்லை. வாடிக்கையாளரை ஈர்க்க விளம்பரத்துக்கும் இலவசப் பந்தயத்துக்கும் செய்த செலவு மிகுந்தது. நியூ யோர்க் மாநிலம் இணையவழிப் பந்தய வருவாயில் நூற்றுக்கு 51 வரியாக விதித்தது. இலினோய் மாநிலம் 2024 இல் வரியைப் படிமுறையாக நூற்றுக்கு 40 வரை உயர்த்தி, 2025 இல் ஒவ்வொரு பந்தயத்தின் மீதும் 25 அல்லது 50 சதம் தனிக்கட்டணமும் சேர்த்தது. தடை வரும்போது முதலீட்டாளன் ஒரே நாளில் இழக்கின்றான். அனுமதி வரும்போது ஆண்டுதோறும் சிறிது சிறிதாக இழக்கின்றான். கௌடலியரின் அத்தியட்சன் நூற்றுக்கு ஐந்தோடு மனநிறைவு கொண்டமை வியப்புக்குரியது.

பிரித்தானியாவின் வரலாறும் இவ்வாறே. 2005 ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் தாராளமானது. கம்பனிகள் ஜிப்ரால்ற்றர் போன்ற இடங்களுக்குச் சென்று வரியைத் தவிர்த்தன. 2014 இல், கம்பனி எங்கிருப்பினும் ஆடுவோன் பிரித்தானியாவில் இருப்பின் வரி உண்டு என்னும் முறை வந்தது. இணையவழி ஆட்டங்களுக்கான வரி அன்று நூற்றுக்கு 15. 2019 இல் 21. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்திலே, 2026 ஏப்பிரல் முதல் அது 40 ஆகும் என அறிவிக்கப்பட்டது. இதன் விளைவை ஓர் எளிய கணக்கினாற் காணலாம். ஆடுவோர் இழந்த தொகை 100 பவுண் எனக் கொள்வோம். வரி 21 போக 79 எஞ்சும். விளம்பரம், ஊழியர் சம்பளம், நிரல் உரிமம் முதலியவற்றுக்கு 60 செல்லுமாயின் இலாபம் 19. வரி 40 ஆகின் எஞ்சுவது 60, இலாபம் இல்லை. பெருங்கம்பனி விளம்பரத்தைக் குறைத்துப் பிழைக்கும். கடன் மிக்க சிறுகம்பனி வீழும். அதன் வாடிக்கையாளருட் சிலர் பெருங்கம்பனிக்கும், சிலர் அனுமதியற்ற களங்களுக்கும் செல்வர். ஆதலின் வரியுயர்வுச் செய்தி கேட்டு எல்லாப் பங்குகளையும் ஒருசேர விற்போன் அறிவுடையோன் அல்லன். எதன் செலவுக் கட்டமைப்பு எத்தகையது என நோக்கல் வேண்டும்.

வரி எதன்மீது விதிக்கப்படுகின்றது என்பது அதன் வீதத்தினும் முக்கியமானது. இதற்கு இந்தியா சான்று. அந்நாட்டின் அரசியலமைப்பிற் பந்தயமும் சூதும் மாநிலங்களின் அதிகாரத்துக்குட்பட்டவை. 1968 இல் ரம்மி ஆட்டம் பெரிதும் திறமை சார்ந்ததென உச்ச நீதிமன்றம் கூறிற்று. 1996 இல் குதிரைப் பந்தயத்தையும் அவ்வாறே கொண்டது. திறமைக்கும் தற்செயலுக்கும் இடையே வரைந்த அக்கோட்டின்மீதே இந்திய இணையவழி ஆட்டக் கம்பனிகள் தம் மாளிகையைக் கட்டின. பணமிழந்தோர் உயிர்மாய்த்த செய்திகள் பெருகியதைத் தொடர்ந்து தமிழ்நாட்டுச் சட்டசபை 2021 இலும் 2022 இலும் தடைச்சட்டம் இயற்றியது. முதலாவதனைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. இரண்டாவதனைத் தற்செயல் ஆட்டங்களுக்கு மட்டும் நிலைநிறுத்தி, 2023 இல் ரம்மியையும் போக்கரையும் விடுவித்தது. கோடு அசையவில்லை என முதலீட்டாளர் மகிழ்ந்தனர்.

அதற்குச் சிறிது முன், அதே 2023 ஒக்டோபர் முதலாம் நாளிலிருந்து, ஆட்டக்காரன் செலுத்தும் முழுத்தொகைமீதும் நூற்றுக்கு 28 சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்திருந்தது. முன்னர்க் கம்பனிகள் தம் கழிவின்மீது நூற்றுக்கு 18 செலுத்திவந்தன. ஒருவன் 100 ரூபா செலுத்த, கம்பனியின் கழிவு 10 ரூபா எனின், பழைய வரி 1 ரூபா 80 சதம். புதிய வரி 28 ரூபா. கழிவு முழுவதையும் கொடுத்தாலும் வரி தீராது. ஆகவே பரிசையோ ஆட்டத்தையோ குறைத்தல் இன்றியமையாததாயிற்று. இவ்வடியைத் தாங்கிய கம்பனிகள்மீது 2025 ஓகஸ்டில் அடுத்தது விழுந்தது. 20 ஆம் நாள் மக்களவையும் 21 ஆம் நாள் மாநிலங்களவையும் நிறைவேற்ற, 22 ஆம் நாள் சனாதிபதி ஒப்புதல் அளித்த மத்திய சட்டம், திறமையாயினும் தற்செயலாயினும் பணம் வைத்தாடும் இணையவழி ஆட்டம் அனைத்தையும் தடை செய்தது. மூன்றாண்டுச் சிறையும் ஒரு கோடி ரூபா வரை தண்டமும் விதிக்கத்தக்க குற்றமாயிற்று. ஐம்பதாண்டுக்கு மேல் நீதிமன்றங்கள் பேணிய கோடு மூன்று நாளில் அழிந்தது. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையிற் பெயர் பொறித்திருந்த டிரீம் 11 தன் பணப்போட்டிகளை நிறுத்தியது. போக்கர்பாசி கம்பனியிற் பெரும்பங்கு முதலிட்டிருந்த நசாரா தொழினுட்பக் கம்பனியின் பங்கு சில நாட்களிற் கடுமையாக வீழ்ந்தது. இங்கும் வங்கிகளுக்குப் பணம் கடத்தத் தடை. 2006 இல் வொஷிங்டன் கண்ட வாய்க்கால் மறிப்பே புதுடில்லியிலும் கையாளப்பட்டது.

இத்தகைய பங்குகளை வாங்குதல் தகுமோ என வினவும் மாணவர் உளர். அறவழி நின்று நோக்கின், எத்தொழிலின் இலாபம் வாடிக்கையாளன் இழப்பேயாக உள்ளதோ, அதிற் பங்கு கொள்வதற்கு என் மனம் ஒருப்படவில்லை. அதனைப் பொருளியல் முடிவாக நான் கூறவில்லை. பொருளியல் வழி நின்று கூறுவதாயின், வாங்குவோன் மூன்றினை ஆராய்தல் வேண்டும். வருவாய் எந்நாட்டுச் சட்டத்தின் கீழ் வருகின்றது, அதில் அனுமதி பெற்றது எத்துணை என்பது ஒன்று. வரி முழுத்தொகைமீதோ, பரிசு போக எஞ்சியதன்மீதோ என்பது மற்றொன்று. மூன்றாவது மிகவும் புறக்கணிக்கப்படுவது: சந்தைக்கு வரும்போது விற்பவர் யார் என்பது. தொழிலை உள்ளிருந்து அறிந்தவர் தம் பங்கைக் கைவிடும் வேளையில், வெளியே நின்று அதனை விரும்பி வாங்குவோன் காரணத்தைக் கேட்கக் கடமைப்பட்டவன்.

2025 ஆம் ஆண்டில் இவ்விவகாரம் மற்றொரு வடிவம் எடுத்தது. கல்ஷி முதலிய அமெரிக்க நிறுவனங்கள், விளையாட்டு முடிவுகளின்மீது ஒப்பந்தங்களை விற்கத் தொடங்கின. இவை பந்தயங்கள் அல்ல, முன்பேர வர்த்தக ஒப்பந்தங்களே, ஆதலால் கூட்டாட்சி ஆணைக்குழுவுக்கு உட்பட்டவை, மாநிலங்களின் சூதாட்டச் சட்டம் தம்மைத் தொடாது என்பது அவற்றின் வாதம். நியூ ஜேர்சி, நெவாடா முதலிய மாநிலங்கள் அதனை மறுக்க, வழக்குகள் எழுந்தன. மாநிலங்களுக்குப் பெருவரி செலுத்தி அனுமதி பெற்றிருந்த கம்பனிகளின் பங்குவிலை இப்புதிய போட்டியைக் கண்டு சரிந்தது. அவையும் வாளாவிருக்கவில்லை. பான்டுவெல் அவ்வாண்டு சிக்காகோவின் முன்பேரச் சந்தை நிறுவனமாகிய சீஎம்ஈயுடன் கூட்டுச் சேர, டிராப்ட்கிங்ஸ் ஒக்டோபரில் ரெயில்பேட் என்னும் அனுமதி பெற்ற சந்தையொன்றை வாங்கியது.